ரைபிள் வாங்கியாச்சு... அடுத்து எதை வாங்கணும்?

முதல் ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவந்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலானவை .22 ரைபிள் (குண்டின் விட்டம் ஏறக்குறைய 0.22 அங்குலம்) பற்றியவை. முதல் துப்பாக்கிக்கு அதைவிட நல்ல தேர்வு இல்லை என்பதால் பதில்களும் அதை ஒட்டியே போகின்றன. உரிமம், எடுத்துச் செல்லும் முறை, வைத்திருக்கக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றுக்கு உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைகளே வழிகாட்டி.

கேள்வி: போல்ட் ஆக்‌ஷன் .22 ரைபிள் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் தாழ்ப்பாள் போல் இழுத்துத் தள்ளி ஏற்றும் வகை) வாங்கியிருக்கிறேன். ரைபிளுக்குக் கொடுத்த அதே அளவு பணம் இன்னும் கையில் இருக்கிறது. ஸ்கோப், பைபாட் (முன்பக்கம் தாங்கும் இருகால்), புது டிரிகர், நல்ல ஸ்டாக் (தோளில் பதியும் கட்டை) என்று பட்டியல் நீள்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ஸ்கோப்பைத் தவிர மற்ற மூன்றையும் இப்போதைக்குப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கையில் இருக்கும் பணத்தை நூறு பங்காக்கினால் எங்கள் கணக்கு இது: பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டிக்கு 15 பங்கு. காது, கண் பாதுகாப்புக்கும் சுத்தம் செய்யும் சாமான்களுக்கும் சேர்த்து 10. ஸ்கோப்புக்கும் அதைப் பொருத்தும் மவுண்ட்டுக்கும் 25. மீதி 50 பங்கு முழுவதும் தோட்டாவுக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும்.

பாதிப் பணத்தைச் சுட்டே தீர்ப்பதா என்று தோன்றலாம். சாதாரண .22 ரைபிள்கூட, அதற்குப் பிடித்த தோட்டா கிடைத்துவிட்டால், மணல் மூட்டை மேல் வைத்து 50 மீட்டரில் சுடும்போது 10 தோட்டாக்களை 2–3 செ.மீ. வட்டத்துக்குள் போட்டுவிடும். அதே ரைபிளைப் புதியவர் ஒருவர் படுத்த நிலையில் கையில் பிடித்துச் சுட்டால் வட்டம் 8–10 செ.மீ. ஆகிறது. நின்று சுட்டால் இன்னும் விரிகிறது. இந்த வித்தியாசம் முழுக்கச் சுடுபவரிடம் இருக்கிறது. புது டிரிகர் அதில் சில மில்லிமீட்டரைக் குறைக்கலாம். ஆயிரம் தோட்டாக்கள் ஒழுங்காகச் சுட்ட பிறகு பாதி குறைந்திருக்கும்.

டிரிகர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. புதியவரின் விரல் டிரிகரை இழுக்கத் தேவையான எடையை உணர இன்னும் பழகவில்லை. அந்தக் கட்டத்தில் மிக இலேசான டிரிகர் ஆபத்து. ரைபிளில் திருகு வைத்து எடையை மாற்றும் வசதி இருந்தால், தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு, தோட்டா இல்லாத நிலையில் போல்ட்டை வேகமாக அடித்து மூடிப் பாருங்கள். ஸ்டாக்கின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டியும் பாருங்கள். ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) தானாக விடுபட்டால் எடை குறைவாகிவிட்டது என்று அர்த்தம். மறுபடி கூட்டுங்கள்.

ஸ்டாக் நீளமாக இருந்தால் முகம் ஸ்கோப்புக்கு எட்டாது, தோள் பின்னால் இழுக்கும். கன்னம் படும் இடம் தாழ்வாக இருந்தால் தலையைத் தூக்கிக்கொண்டே சுடுவீர்கள். இரண்டுக்கும் புது ஸ்டாக் தேவையில்லை. முதலாவதற்கு, ஸ்டாக்கின் பின்முனைத் தகட்டுக்கு உள்ளே இருக்கும் இடைத்தகடுகளைக் கழற்றினால் போதும். இரண்டாவதற்குக் கன்னத்தில் படும் இடத்தில் கட்டும் பஞ்சு மெத்தை போதும்.

சிறு செலவில் வாங்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன. சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலி என்று காட்டும் பளிச்சென்ற நிறக் கொடி ஒன்று. நைலான் அல்லது தோல் ஸ்லிங் (கையில் சுற்றிப் பிடிக்கும் வார்) ஒன்று. பின்பக்கம் தாங்க மணல் நிரப்பிய துணிப்பை. திருகுகளை அளவோடு முறுக்கும் டார்க் ஸ்க்ரூ டிரைவர். ஒரு நோட்டுப் புத்தகம். டார்க் டிரைவரைப் பலர் வீண் செலவு என்று நினைக்கிறார்கள். ஸ்கோப் சம்பந்தமான தலைவலிகளில் பெரும்பகுதியை அது ஒன்றே தீர்த்துவிடும்.

கேள்வி: .22 சத்தம் பட்டாசு மாதிரிதான் கேட்கிறது. காதுக்கு மஃப் (காதை மூடும் கவசம்) கட்டாயமா?

பதில்: கட்டாயம். .22 ரைபிளின் சத்தம் உச்சத்தில் ஏறக்குறைய 140 டெசிபலைத் தொடும். ஒரே வெடிப்பில் காதுக்குக் கேடு வரத் தொடங்கும் அளவும் அதுதான். பெரிய சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் தீமூட்டி உள்ள) ரைபிள்கள் 155-க்கும் மேல் போகின்றன. போன கேட்கும் திறன் திரும்பி வராது. திறந்த வெளியில் நல்ல மஃப் ஒன்று போதும். கூரை போட்ட சுடுதளத்திலும், பக்கத்துத் தடத்தில் யாராவது பெரிய காலிபர் சுடும்போதும், பஞ்சு போன்ற நுரை அடைப்பான் உள்ளே, மஃப் வெளியே என்று இரண்டையும் போடுங்கள். இரண்டையும் சேர்த்தால் தடுப்பு அளவு கூட்டிக்கொண்டே போகாது. சிறந்த ஒன்றுக்கு மேல் 5 டெசிபல் அளவுதான் கூடும். அந்த 5-ம் தேவைதான்.

நுரை அடைப்பானை உருட்டி ஒல்லியாக்கி, காதின் மேல்நுனியை மறு கையால் இழுத்துப் பிடித்து, ஆழமாக நுழைத்து, விரிவதற்கு அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் போடாததற்குச் சமம். கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி. பார்வைக்கு அணியும் சாதாரணக் கண்ணாடி அதற்குப் பதிலாகாது. மேலே இன்னொன்றை அணியுங்கள். .22 தோட்டாவின் விளிம்பு எப்போதாவது வெடித்துவிட்டால் சூடான வாயுவும் பித்தளைத் துகளும் பின்பக்கம்தான் வரும்.

கேள்வி: 6–24 மடங்கு ஸ்கோப் நல்ல தள்ளுபடியில் கிடைக்கிறது. 50, 100 மீட்டரில்தான் சுடப்போகிறேன். வாங்கலாமா? நானே பொருத்தலாமா?

பதில்: வேண்டாம். 3–9 மடங்கு, 40 மி.மீ. முன்கண்ணாடி உள்ள ஒன்று உங்கள் தூரத்துக்குத் தாராளம். ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம், முன்கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால் வருவது. 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. 24-ஆல் வகுத்தால் 1.7 மி.மீ. மட்டுமே. தலை சற்று அசைந்தாலும் படம் கறுத்துவிடும், மாலை வெளிச்சத்தில் இருட்டும். பெரிய மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து, குறுக்குக்கோடு நடுவில் வரும் கணத்தில் டிரிகரைப் பிடுங்குவார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கடினம்.

.22-க்கு வாங்கும்போது பாராலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறுக்குக்கோடும் இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரியும் பிழை) எத்தனை மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ரிம்ஃபயருக்கென்று (.22 போல விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டாக்களுக்கு) செய்தவை ஏறக்குறைய 50 மீட்டருக்கு அமைந்திருக்கும். பெரிய ரைபிளுக்கானவை 100 அல்லது அதற்கு மேல். இதைச் சோதிக்க, காலி ரைபிளை மூட்டைகள் மேல் அசையாமல் வைத்து, தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் நகர்த்துங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்ந்தால் பாராலாக்ஸ் அந்தத் தூரத்துக்குச் சரியாக இல்லை.

நீங்களே பொருத்தலாம். அவசரப்படாமல் ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, மேகசினை (தோட்டாப் பேழையை) எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் ரைபிளின் மேல் எது இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பல .22-களில் 11 மி.மீ. டவ்டெயில் வெட்டு (சரிவான பக்கப் பள்ளம்) இருக்கும்; சிலவற்றில் குறுக்கு வெட்டுகள் கொண்ட பிகாட்டினி தண்டவாளம். இரண்டுக்கும் ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) வேறு. ஸ்கோப் குழாய் 25.4 மி.மீ.யா 30 மி.மீ.யா என்பதைப் பார்த்து ரிங் வாங்குங்கள். ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் நெரித்துப் பொருத்தினால் குழாய் நசுங்கும்.

திருகுகளிலும் துளைகளிலும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். அடி ரிங்குகளைத் தண்டவாளத்தின் வெட்டில் முன்பக்கச் சுவரில் படும்படி தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். சுடும்போது ரைபிள் பின்னால் குதிக்கும், ஸ்கோப் முன்னால் நழுவப் பார்க்கும். முன்னாலேயே முட்டிக்கொண்டிருந்தால் நழுவ இடம் இருக்காது. ஸ்கோப்பை வைத்து மேல் ரிங்குகளைத் தளர்வாக மூடுங்கள். மடங்கை உச்சத்துக்கு வைத்து, நீங்கள் அதிகம் சுடும் நிலையில் படுங்கள். கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, பிறகு திறந்து பாருங்கள். படம் முழு வட்டமாக, கறுப்பு விளிம்பு இல்லாமல் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 9 செ.மீ. அளவு இடைவெளி வரும். நின்று பார்த்து அளவு வைத்தால், படுக்கும்போது தலை முன்னே போய் இடைவெளி குறைந்துவிடும். .22-இல் அது தொந்தரவு மட்டுமே. பெரிய ரைபிளில் புருவம் கிழியும்.

அடுத்தது நேராக்குவது. 25 மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, ரைபிளை நிமிர்த்தி வைத்து, செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு ஒட்டவையுங்கள். பிறகு மேல் ரிங் திருகுகளை மூலைக்கு மூலை, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ரிங் திருகுகளுக்கு வழக்கமான அளவு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. கை பலத்தை நம்பி இறுக்கினால் குழாயில் பள்ளம் விழுந்து, உள்ளே இருக்கும் சரிசெய்யும் பாகம் சிக்கிக்கொள்ளும். க்ளிக் (ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் குமிழின் ஒரு படி) திருப்புவீர்கள், குண்டு பழைய இடத்திலேயே படும்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் 3 குண்டு சுட்டு க்ளிக் திருப்புகிறேன். ஒரு முறை மேலே, அடுத்த முறை கீழே என்று ஜீரோ (குறியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும் அமைப்பு) நிற்கவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

பதில்: 3 குண்டுகளில்தான் தவறு. ஒவ்வொரு குண்டும் தன் வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் விழும். மூன்றின் நடுப்புள்ளி உண்மையான நடுப்புள்ளியிலிருந்து கணிசமாகத் தள்ளி நிற்கலாம். நீங்கள் அந்தச் சிதறலைத் துரத்துகிறீர்கள். க்ளிக் திருப்ப 5, உறுதிப்படுத்த 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போல்ட்டைக் கழற்றி, மூட்டைமேல் வைத்து, குழலின் பின்புறம் வழியாகப் பார்த்து 25 மீட்டர் அட்டை நடுவில் வரும்படி நிறுத்துங்கள். ரைபிளை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அதே நடுவுக்குத் திருப்புங்கள். இதைச் செய்தாலே முதல் குண்டு அட்டையில் விழுந்துவிடும், தோட்டா மிச்சம். அதன்பின் 25 மீட்டரில் 5 சுட்டுச் சரிசெய்துவிட்டு 50-க்குப் போங்கள். .22-ஐப் பொறுத்தவரை 25-இல் நடுவில் பட்டால் 50-இலும் நடுவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம்) க்ளிக் உள்ள ஸ்கோப்பில் ஒரு க்ளிக் 100 மீட்டரில் 7.3 மி.மீ., 50-இல் 3.6, 25-இல் 1.8. ஸ்கோப் 0.1 மில் (மில் என்பது தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுடையது என்றால் அதே தூரங்களில் 10, 5, 2.5 மி.மீ. உதாரணத்துக்கு, 50 மீட்டரில் 5 குண்டுகளின் நடு 40 மி.மீ. கீழேயும் 18 மி.மீ. இடதுபுறமும் இருக்கிறது. கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் மேலே 11, வலப்பக்கம் 5 க்ளிக். திருப்பும் குமிழில் எழுதியிருக்கும் அம்புக்குறி குண்டு போகவேண்டிய திசையைக் காட்டுகிறது.

மூட்டை ஸ்டாக்கின் முன்பகுதிக்குக் கீழே இருக்கட்டும். குழலைத் தொட்டால் குண்டு வேறிடம் போகும். சுத்தம் செய்த பிறகு முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். .22 தோட்டாவின் குண்டில் மெழுகு போன்ற பூச்சு உண்டு. குழலில் அது படிந்த பிறகுதான் ஒரே இடத்தில் படத் தொடங்கும். தோட்டா வகையை மாற்றும்போதும் இதே கதை. 10 சுட்டுவிட்டுப் பிறகு அளக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த ரைபிள் திடீரென்று கண்டபடி சிதறுகிறது. ஸ்கோப்பை மாற்றவா?

பதில்: காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். ஸ்டாக்கை ரைபிளின் உலோகப் பாகத்தோடு பிணைக்கும் திருகுகள், தண்டவாளத் திருகுகள், ரிங் திருகுகள் என்ற வரிசையில் டார்க் டிரைவரால் பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே ஒன்று தளர்ந்திருக்கும். மரக்கட்டை ஈரக்காற்றில் உப்பும், வறண்டால் சுருங்கும். பருவம் மாறும்போது திருகின் பிடி மாறுவது இயல்பு. திருகெல்லாம் சரி என்றால் தோட்டாப் பெட்டியின் பக்கத்தில் அச்சிட்ட லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதியின் எண்) மாறியிருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் குழலின் முன்நுனி விளிம்பில் கீறலோ அடியோ பட்டிருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அடுத்து, நன்றாகச் சுடும் நண்பரிடம் கொடுத்து 10 குண்டு சுடச் சொல்லுங்கள். அவர் கையிலும் சிதறினால் மட்டுமே ஸ்கோப்பைச் சந்தேகியுங்கள். வேறு ரைபிளில் நம்பகமாக வேலை செய்யும் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

கேள்வி: எந்த .22 தோட்டா நல்லது? வேகமானதாக வாங்கினால் தூரத்துக்கு நல்லதா?

பதில்: உங்கள் குழலைத்தான் கேட்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த வரிசை எண் உள்ள இரண்டு ரைபிள்கள்கூட வெவ்வேறு தோட்டாவை விரும்பும். ஐந்தாறு வகைகளில் ஒவ்வொரு பெட்டி, அதாவது 50 தோட்டா, வாங்குங்கள். காற்றில்லாத காலையில், மூட்டைமேல் வைத்து, வகைக்கு 10 சுட்டுப் பழக்கிவிட்டு, 10 குண்டுக் குரூப் (ஒரே குறியில் அடுத்தடுத்துச் சுட்ட துளைகளின் தொகுதி) இரண்டு சுடுங்கள். அட்டைகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். வென்றதில் அதே லாட் எண்ணில், உங்கள் உரிமம் அனுமதிக்கும் அளவுக்கு மொத்தமாக வாங்குங்கள். அதிக விலையுள்ளது எப்போதும் வெல்வதில்லை.

வேகத்தைப் பற்றி: குண்டு 40 கிரெய்ன் (ஏறக்குறைய 2.6 கிராம்) எடையுள்ள ஸ்டாண்டர்டு வெலாசிட்டி (சாதாரண வேக) தோட்டா நொடிக்கு 325 மீட்டர் அளவில், ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே புறப்படுகிறது. ஹை வெலாசிட்டி வகை 380 அளவில் புறப்பட்டு, 100 மீட்டரை எட்டுவதற்குள் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அப்படி இறங்கும் கட்டத்தில் காற்றுத் தடை அதிகம், குண்டு தடுமாறும். பக்கக்காற்று தள்ளுவதும் வேகமான குண்டைத்தான் அதிகம். மணிக்கு 16 கி.மீ. பக்கக்காற்றில் 100 மீட்டரில் மெதுவான குண்டு 10 செ.மீ.க்கு மேல் விலகும். வேகமானது அதைவிடச் சில செ.மீ. கூடுதலாக விலகும். காகிதத்தில் சுடுவதற்கு ஸ்டாண்டர்டு வெலாசிட்டியே சரி. 50-இல் ஜீரோ வைத்தால் 100 மீட்டரில் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே படும் என்பதை மனதில் வையுங்கள்.

கேள்வி: சுடுதளம் தூரம். மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது, அன்றைக்கு 200 சுட்டுவிடுகிறேன். ஆனாலும் முன்னேற்றம் இல்லை. பயிற்சி வகுப்பில் சேர்வது பலன் தருமா?

பதில்: 200-இல் பிந்தைய 140 தோட்டாக்கள் உங்களுக்குத் தவறான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கின்றன. கழுத்தும் கண்ணும் தளர்ந்த பிறகு சுடுவது எல்லாம் டிரிகரை இழுக்கும் வேலைதான். ஒரு நாளைக்கு 60 போதும், ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு. மிச்சமாகும் 140 தோட்டாவின் விலையை வகுப்புக்குக் கொடுங்கள்.

வகுப்பில் சேருமுன் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? ஐந்துக்கு மேல் என்றால் உங்கள் தோளையும் விரலையும் யாரும் பார்க்கப் போவதில்லை. சொந்த ரைபிளில் சுடலாமா? படுத்து, மண்டியிட்டு, நின்று என்ற மூன்று நிலைகளும் உண்டா, அல்லது மேசையில் வைத்துச் சுடுவது மட்டுமா? மேசை மட்டும் என்றால் அது ரைபிளைச் சோதிக்கத்தான் உதவும்.

மாதத்தின் மற்ற நாட்களில் வீட்டில் வெற்றுச் சுடுதல் (உண்மைத் தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது) செய்யுங்கள். செலவே இல்லாத, அதிகப் பலன் தரும் பயிற்சி இதுதான். விதிகளில் மட்டும் ஒரு நூல்கூடத் தளர்வு கூடாது. தோட்டா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. வேறு அறையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மேகசினை எடுத்து, போல்ட்டைத் திறந்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டு விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, மறுபடி ஒருமுறை பாருங்கள். குறி வைக்கும் சுவருக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கக்கூடாது. குண்டு பாய்ந்தாலும் நிறுத்தக்கூடிய சுவராக இருக்க வேண்டும். முடித்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பெட்டியில் பூட்டுங்கள். "இன்னும் ஒரே ஒன்று" என்று திரும்ப எடுக்கும் கணத்தில்தான் வீடுகளில் விபத்து நடக்கிறது.

.22-ஐ வெறும் சேம்பரோடு சுட்டால் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் மோதி அதை நசுக்கலாம். பிறகு தோட்டா உள்ளே நுழையாது, வெளியேயும் வராது. கையேட்டில் அனுமதி இல்லையென்றால் ஸ்னாப் கேப் எனும் போலித் தோட்டா போட்டுச் செய்யுங்கள். அதன் நிறம் உண்மைத் தோட்டாவிலிருந்து பளிச்சென்று வேறுபட்டிருக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு 15 நிமிடம், 25–30 முறை. ஒவ்வொரு முறையும் முதலில் உடம்பு இயல்பாக எங்கே குறி வைக்கிறது என்று பாருங்கள்: நிலையில் அமர்ந்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். குறுக்குக்கோடு இலக்குக்கு வலப்பக்கம் நின்றால் கையால் இழுத்து நடுவுக்குக் கொண்டுவராதீர்கள். இடது முழங்கையை அச்சாக வைத்து உடம்பு முழுவதையும் திருப்புங்கள். கையால் இழுத்தது டிரிகர் விழும் கணத்தில் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, 8 நொடிக்குள் சுட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஆனால் கண் மங்கும்; விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். டிரிகர் விழுந்த பிறகும் ஒரு நொடி விரலை அழுத்தியபடியே கோட்டைப் பாருங்கள். விழுந்த கணத்தில் கோடு எங்கே இருந்தது என்று சொல்ல முடிகிறதா? சொல்ல முடிந்தால்தான் அது ஒரு பயிற்சி. இன்னும் ஒரு படி மேலே போக வேண்டுமானால் குழல் நுனியில் நாணயம் ஒன்றை வைத்து இதே வெற்றுச் சுடுதலைச் செய்யுங்கள். விழாமல் பத்து முறை வரவேண்டும்.

சுடுதளத்தில் 60-ஐ இப்படிப் பிரிக்கலாம்: ஜீரோ பார்க்க 10, ஸ்லிங் போட்டுப் படுத்து 25, மண்டியிட்டு 15, கடைசியில் நின்று 10. ஒவ்வொரு குண்டுக்கும் அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே "வலது, கொஞ்சம் கீழே" என்று நோட்டில் எழுதிவிட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன இடத்தில் பட்டிருந்தால் தவறு உங்களுடையது, பயிற்சியால் சரியாகும். சொன்ன இடம் ஒன்று, பட்ட இடம் வேறு என்று தொடர்ந்து வந்தால் ரைபிளையோ காற்றையோ கவனியுங்கள். சர்வதேசப் போட்டிகளுக்கான 50 மீட்டர் அட்டையில் 10 வட்டம் 10.4 மி.மீ., 9 வட்டம் 26.4, 8 வட்டம் 42.4 மி.மீ. படுத்த நிலையில் பத்தும் 8 வட்டத்துக்குள் தொடர்ந்து விழத் தொடங்கிய பிறகு, ரைபிளில் எதை மாற்றலாம் என்று யோசிக்கலாம்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் குழலைச் சுத்தம் செய்ய வேண்டுமா?

பதில்: .22-க்கு வேண்டாம். குழலுக்குள் கம்பி அதிகம் போய் வருவதால் கெட்ட ரைபிள்கள்தான் அதிகம். போல்ட்டின் முகத்தையும் சேம்பர் வாயையும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். அங்கே சேரும் மெழுகும் கரியும்தான் தோட்டாவைச் சிக்க வைக்கும். குழலைக் குரூப் விரியத் தொடங்கும்போது, அல்லது நாள்கணக்கில் பூட்டி வைக்கும் முன் சுத்தம் செய்தால் போதும்.

செய்யும்போது பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மட்டும். கம்பி ஒரே துண்டாக, பூச்சு உள்ளதாக இருக்கட்டும். மூன்று துண்டாக முறுக்கிச் சேர்ப்பது இணைப்பில் வளைந்து குழலை உரசும். துணித்துண்டு முன்னால் வெளியே வந்ததும் அதைக் கழற்றிவிட்டுக் கம்பியை இழுங்கள். முன்நுனி விளிம்பை அடிக்கடி உரசினால் குண்டு வெளியேறும்போது வாயு ஒருபக்கம் முந்தும், குறி போய்விடும். எண்ணெய் போட்டு வைத்திருந்தால் சுடுமுன் உலர்ந்த துணி ஒன்றைச் செலுத்திவிட்டுச் சுடுங்கள்.

வழக்கமான தோட்டாக்களின் தீமூட்டியில் ஈயச் சேர்மம் உண்டு, குண்டும் ஈயம். சுட்ட பிறகும் சுத்தம் செய்த பிறகும், சாப்பிடும் முன், குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கை, முகம் கழுவுங்கள். அந்தத் துணிகளைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கேள்வி: சுடும்போது ஒருமுறை "டொக்" என்று சன்னமாகக் கேட்டது, அட்டையில் துளை இல்லை. அடுத்ததைப் போட்டுச் சுட்டிருக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்று போனால் குழல் உப்பும் அல்லது வெடிக்கும். குழல் நுனியை இலக்குத் திசையிலேயே வைத்துக்கொண்டு 30 நொடி காத்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதமாக எரியும். பிறகு, முகத்தை போல்ட்டின் நேர்பின்னாலிருந்து விலக்கி, தோட்டாவை எடுங்கள். மேகசினையும் போல்ட்டையும் கழற்றி, குழலின் பின்பக்கம் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் அன்றைய சுடுதல் முடிந்தது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வெறும் "க்ளிக்" கேட்டு எதுவும் நடக்காதபோதும் அதே 30 நொடி. வெடிக்காத தோட்டாவைக் குப்பையில் போடாமல் சுடுதளப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

கேள்வி: வாங்கும்போது வந்த நுரைப் பெட்டியிலேயே ரைபிளை வைத்திருக்கலாமா?

பதில்: எடுத்துச் செல்ல மட்டும். நுரை காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்போடு ஒட்டவைக்கும். சில வாரங்களில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். சுவரிலோ தரையிலோ திருகி இறுக்கிய இரும்புப் பெட்டியில் நிற்கவையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பை, நிறம் மாறும் வகை. நிறம் மாறியதும் பையில் எழுதிய வெப்பத்தில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். பூட்டுமுன் விரல் பட்ட உலோகம் முழுவதையும் இலேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். வியர்வையின் உப்பு ஒரே இரவில் வேலையைத் தொடங்கும். தோட்டா தனிப் பெட்டியில், தனிப் பூட்டில். சாவி இருக்கும் இடம் குழந்தைகளுக்குத் தெரியாது என்று நினைக்கும் வீடுகளில் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. அதனால் சாவி உங்கள் உடம்போடு இருக்கட்டும், அல்லது எண் பூட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரு வருடம் கழித்து .223 (கிட்டத்தட்ட அதே குழல் விட்டத்தில் அதிக மருந்துள்ள சென்டர்ஃபயர் வகை) வாங்க நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: குழலில் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை முதலில். .223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 ராணுவத் தோட்டா நுழையும், ஆனால் அழுத்தம் எல்லை மீறலாம். அதைவிட ஆபத்து .300 பிளாக்அவுட் என்னும் தோட்டா. .223-இன் மேகசினிலேயே பொருந்தும். சேம்பரில் நுழைந்து சுட்டுவிட்டால் தடிமனான குண்டு சிறிய குழலில் சிக்கி ரைபிளே உடைந்து சிதறும். இரண்டும் வைத்திருப்பவர் ஒரே நாளில் ஒன்றை மட்டும் சுடுதளத்துக்கு எடுத்துச் செல்வது நல்லது.

தோட்டா விலை .22-ஐவிடப் பல மடங்கு. அதனால் .22-ஐ விற்றுவிடாதீர்கள், பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு அதிலேயே நடக்கட்டும். .223-இன் சத்தத்திலும் உதையிலும் கண்ணை மூடும் பழக்கம் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: நண்பர் ஒருவர் மேகசினில் 5 உண்மைத் தோட்டாவோடு 2 போலித் தோட்டாவை உங்களுக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கட்டும். போலி வரும்போது குழல் நுனி குதித்தால் விடை தெரிந்துவிடும். அன்று .223-ஐப் பெட்டியில் வைத்துவிட்டு .22-ஐ எடுத்து இன்னொரு 20 சுடுங்கள்.